யன்னலில் பத்தாவது ஆள்

"இண்டைக்குமா? பெத்த பிள்ளையின்ர கலியாணத்தண்டைக்குமா வண்டி ஏறவேணும்?"

"மெல்லக் கதையும், சாறா. படலையில ஆள் நிக்குது."

"நிக்கட்டும். கேக்கட்டும். முசலி ஊர்வரைக்கும் கேக்கட்டும்! கலியாணத்துக்குப் பத்து யூத ஆம்பிளையள் வேணும். வாறது ஒன்பது பேர். பத்தாவது ஆள் நீங்கள். நீங்கள் போனா அந்த இடத்தில நான் ஆட்டுக்கல்லையா உருட்டி வைக்கிறது?"

"நாலு மணிக்குத்தானே கலியாணம். இப்ப பதினொண்டு. போட்டு ஓடி வந்திடுவன்."

"போன மாசம் அரிப்பு ஊருக்கு இப்பிடித்தான் ஓடி வரப் போனனீங்கள். மூண்டாம் நாள் வந்தனீங்கள்."

டொக்டர் எப்ராயீம் பையைத் தேடிக்கொண்டிருந்தார் போலும். அலுமாரிக் கதவு இரண்டு தரம் அடிபட்டது.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். டொக்டரும் மனைவியும் கொச்சிக்காரர். சண்டையை மலையாளத்தில்தான் தொடங்குவார்கள்; கோபம் ஏறியதும் எங்கள் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நியாயம் சொல்லட்டும் என்றோ என்னவோ. நாங்களும் அந்தக் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை. அவர்களுடைய மறுபக்கத்து வேலியில் உம்மு குல்சூம் அம்மியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியும்.

படலையில் நின்றவர் முசலி ஊரில் வயல் செய்கிற கமக்காரர் பக்கீர். அவருடைய நாலு வயது மகள் றம்லாவுக்குத் தொண்டை அடைப்பான். கழுத்து வீங்கி, தொண்டைக்குள் வெள்ளைத் தோல் படர்ந்து, பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கீர் கலியாணப் பந்தலைக் கண்டதும் வந்த வழியே வண்டியைத் திருப்பப் பார்த்தார்.

"கலியாண வீடெண்டு தெரிஞ்சிருந்தா வந்திரிக்க மாட்டன், டாக்குத்தரய்யா."

"வராம விட்டிருந்தா முதல்ல உம்மட தொண்டையைத்தான் வெட்டியிருப்பன். ஏறும் வண்டியில!" என்றார் டொக்டர். மருந்து கலக்குகிற வலன்ரைனும் பின்னால் தாவி ஏறினான். கலியாணத்துக்கென்று போட்ட புதுச் சப்பாத்தோடேயே டொக்டர் போய்விட்டார். சாறா அக்கா படலையைச் சாத்திய சாத்தில் எங்கள் வேலியும் ஒருதரம் ஆடியது.

இந்த மனிதர் எங்கள் சிலாவத்துறைக்கு வந்ததே முத்தால்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐந்தில், மாமன் ஒருவர் முத்து வாங்க வந்தபோது கூட வந்த இளந்தாரி டொக்டர். சென்னையில் படித்து, பிறகு சீமைக்குப் போய்ப் பிள்ளைகளின் வைத்தியத்தை மட்டும் தனியாகப் படித்தவர். முத்துக் குளிக்கிற சலாபம் என்றால் சும்மாவா? கடற்கரை முழுக்க முத்துச் சிப்பியைக் குவித்து அழுக விடுவார்கள். ஈயும் இலையானும் நாற்றமும் வயிற்றோட்டமும் ஊரைத் தின்னும். அந்த வருஷம் குஞ்சு குருமன்கள் வரிசையாகச் செத்தன. மாமன் முத்தோடு போனார். மருமகன் கொச்சியிலிருந்து சாறா அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு மாதம் நிற்கப்போவதாகச் சொன்னவர் இருபது வருஷமாகியும் போகவில்லை.

பெரிய ஆட்களுக்கு மருந்து கொடுக்க மாட்டார். தோணி ஓட்டுகிற சாஹுல் ஹமீட் தண்டல் தன் முழங்கால் நோவைக் காட்டப் போனபோது, "உமக்குப் பன்னிரண்டு வயசு முடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர். தண்டலுக்கு அப்போது அறுபது.

சமயத்திலும் அப்படியே பிடிவாதம். இறால், நண்டு, திருக்கை, சுறா ஒன்றும் அந்தப் படலைக்குள் போகாது. செதிலும் செட்டையும் உள்ள மீன் மட்டும்தான். இந்தக் கடலோரத்தில் இருந்துகொண்டு நண்டு தின்னாத குடும்பத்தின் மீது எங்களுக்கு ஓர் இரக்கம் இருந்தது. சனிக்கிழமை அடுப்பு மூட்டார்கள், வண்டி ஏறார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்றால் சனிக்கிழமையும் ஏறுவார். "உயிர் போற இடத்தில ஓய்வுநாள் இல்லை, அதுவும் எங்கட சட்டம்தான்" என்பார். அவர்களுடைய சட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது.

ஒன்றுக்குத்தான் வழி இல்லை. அவர்களுடைய முக்கியமான செபங்களைப் பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். அவர் வந்து இரண்டு வருஷத்தில் கடலில் சிப்பி விளைவது நின்றுபோனது. சிப்பி நின்றதும் வியாபாரிகள் நின்றார்கள். வியாபாரிகளோடு யூதர்களும் நின்றார்கள். பதினெட்டு வருஷம் அந்த மனிதர் தனியாக மேற்கே பார்த்து நின்று, பத்துப் பேர் தேவைப்படாத செபங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எஸ்தர் பிறந்தாள், வளர்ந்தாள், பதினெட்டும் ஆனாள். "இவளை யாருக்குக் குடுக்கிறது, வெளிச்சவீட்டுக்கோ?" என்று சாறா அக்கா கேட்பது மாதத்துக்கு ஒருதரம் எங்களுக்குக் கேட்கும்.

இருபத்தைந்தாம் ஆண்டு திரும்பவும் சலாபம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு மாதத்துக்குள் கடற்கரையில் ஓலைப் பட்டணம் எழும்பியது. வந்த வியாபாரிகளில் பம்பாயிலிருந்து வந்த யூதர்கள் ஒன்பது பேர். பக்தாத்துப் பூர்வீகம், தங்களுக்குள் அரபு பேசுகிறவர்கள். ஒன்பதும் ஒன்றும் பத்து. டொக்டர் சனிக்கிழமைகளில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, மணலில் அரை மைல் நடந்து அவர்களுடைய கொட்டிலுக்குப் போவார். அவர் சிரித்துக்கொண்டு நடந்ததை ஊர் அப்போதுதான் பார்த்தது.

சாறா அக்காவும் முத்துப் பார்க்கப் போனா. முத்துக்கு முன்னால் அவவின் கண்ணில் பட்டது எஸ்றா. ஹஸ்கேல் என்ற மூத்த வியாபாரியின் தம்பி மகன், இருபத்தாறு வயது, கலியாணம் ஆகாதவன். எஸ்தருக்கும் விருப்பம்தான். விருப்பம் இல்லாதவள் ஒரு நாளில் மூன்று தடவை அந்தக் கொட்டில் பக்கம் நடக்க மாட்டாள். தவக்காலத்தில் கலியாணமா என்று கத்தோலிக்கரான நாங்கள் கொஞ்சம் முகம் சுளித்தோம். அவர்களுக்குத் தவக்காலம் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

திங்களோடு சிப்பி ஏலம் முடிந்தது. செவ்வாய் பொழுதுபடக் காற்றோடு வியாபாரிகளின் தோணி தலைமன்னாருக்குப் புறப்படும். அடுத்த சலாபம் எப்போது என்று கடலுக்கே தெரியாது. ஆகவே கலியாணம் அந்தச் செவ்வாய் நாலு மணிக்கு. அல்லது இல்லை.

இரண்டு மணிக்கு ஒன்பது பேரும் வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குப் பக்கீரின் வண்டி வந்தது. இறங்கியவன் வலன்ரைன் மட்டும்.

"ஐயா எங்கை?" என்றா சாறா அக்கா.

"பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு, அம்மா. ஐயா தொண்டையை வெட்டி வெள்ளிக் குழாய் வைச்சிட்டார். இப்ப குழாயால மூச்சு விடுது."

"அப்ப முடிஞ்சுதானே? ஏன் வரேல்லை?"

"குழாய் அடைக்கும். அடைச்சா ரெண்டு நிமிசம் தாங்காது. கோழி இறகு விட்டு எடுத்துக்கொண்டே இருக்கவேணும். நாளைக்கு விடியும் மட்டும் அவர் அசைய ஏலாது எண்டவர். என்னைப் பஞ்சும் சாராய மருந்தும் கொண்டரச் சொன்னவர்."

"நீர் இருந்து எடுத்தா என்ன?"

"கேட்டனான். 'நீர் இறகைப் பிடிக்கிற பிடி எனக்குத் தெரியும்' எண்டவர்."

சாறா அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டா. அவ அழுது நாங்கள் கண்டதில்லை, கத்தித்தான் கண்டிருக்கிறோம். அந்த அழுகையைச் சாஹுல் ஹமீட் தண்டலால் பொறுக்க முடியவில்லை. "ஒரு ஆள்தானே குறையுது, தங்கச்சி. கூடாரத்தில ஆயிரம் பேர் கிடக்கிறாங்க" என்றவர், தடியை ஊன்றிக்கொண்டு வெளியேறினார்.

அரை மணித்தியாலத்தில் ஒருவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். நெஞ்சு மட்டும் தாடி, தலையில் தொப்பி, கணுக்கால் மட்டும் வெள்ளை அங்கி. ஹஸ்கேல் எழும்பி அரபில் ஏதோ கேட்டார். வந்தவர் அரபிலேயே பதில் சொன்னார். அவ்வளவுதான், ஒன்பது பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பஸ்றா என்று ஒரு பேர் காதில் விழுந்தது. பேரீச்சம்பழம் பற்றிப் பேச்சுப் போலிருந்தது. ஹஸ்கேல் அந்த மனிதரின் தோளில் தட்டிச் சிரித்தார். சாறா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எஸ்தருக்குப் பூ வைக்க உள்ளே ஓடினா. தண்டல் எங்களைப் பார்த்து மீசையை நீவினார்.

கால் மணித்தியாலம் பேசிய பிறகு ஹஸ்கேல் திரும்பினார். அரைகுறைத் தமிழில், "நல்ல மனுசன். எங்க ஆள் இல்லே" என்றார்.

வந்தவர் பஹ்ரைன் பக்கத்துச் சுழியோடிகளின் தலைவர். ஐந்து நேரத் தொழுகை தவறாத முஸ்லிம். விருந்து என்று தண்டல் கூப்பிட்டதால் வந்திருக்கிறார்.

"யோவ் தண்டல், உம்மட கண்ணில என்ன, பூவா?" என்றாள் உம்மு குல்சூம் வேலிக்கு மேலால்.

"நானென்ன செய்ய? தாடி இரிக்கு, தொப்பி இரிக்கு, பண்டி தின்னமாட்டான், அல்லா ஒண்டெண்டுறான். இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?"

தோணி கிடந்த பக்கம் பார்த்தால் பாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "விடுங்கோ. அவளுக்கு விதிக்கேல்லை" என்றா சாறா அக்கா. அந்த நேரம் உள்ளேயிருந்து எஸ்தர் வந்தாள். பட்டுச் சீலையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்து போய்ப் பக்கீரின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கையடி போறாய்?"

"அப்பா வர ஏலாதெண்டா நாங்கள் போவம். ஒன்பது பேருக்கும் கால் இருக்குத்தானே?"

ஊரில் இருந்த வண்டி அத்தனையும் பூட்டப்பட்டது. மாப்பிள்ளை ஒரு வண்டியில், பெண் ஒரு வண்டியில், வியாபாரிகள் இரண்டு வண்டியில், பஹ்ரைன்காரர் விருந்தை விட மனமில்லாமல் ஒன்றில். நாங்கள் போகாமல் விட முடியுமா? வேலிக்குள்ளால் இருபது வருஷம் கேட்டவர்கள், முடிவை மட்டும் கேள்விப்பட்டு அறிவதா?

பக்கீருடையது மண்சுவர் வீடு. ஒரு வாசல், முற்றத்துப் பக்கம் பலகைக் கதவு போட்ட ஒரு சின்ன யன்னல். வண்டிச் சத்தம் கேட்டு யன்னலில் டொக்டரின் தலை தெரிந்தது. கையில் இறகு.

"ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது! தொத்துற வருத்தம்! கிட்டவும் வராதேங்கோ!" என்று கத்தியவர், பட்டுச் சீலையில் மகளைக் கண்டதும் யன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் வெளியே வர முடியாது. ஒன்பது பேர் உள்ளே போக முடியாது. ஹஸ்கேல் தாடியைச் சொறிந்தார். பிறகு வியாபாரிகளுக்குள் ஒரு வழக்குத் தொடங்கியது பாருங்கள், சிப்பி ஏலத்தில்கூட அப்படிச் சத்தம் கேட்டதில்லை. ஒருவர் சுவரைக் காட்டினார். ஒருவர் யன்னலைக் காட்டினார். ஒருவர் விரலால் காற்றில் சதுரம் போட்டார். கடைசியில் ஹஸ்கேல் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார். டொக்டர் யன்னலில் இருந்தபடி எங்களுக்கு விளக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் யன்னலால் முகத்தைக் காட்டினால் அவனும் பத்தில் ஒருவன்தான். முகம் தெரியவேண்டும். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது!

அவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். ஹஸ்கேல் ஒன்பது சொல்லை முற்றத்தில் முடித்துவிட்டுப் பத்தாவது சொல்லை யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மணவறைத் துணி வந்திருந்தது, அதைத் தாங்கும் நாலு தடியும் சிலாவத்துறையில். பக்கீரின் மனைவி அக்கம்பக்கத்தில் நாலு உலக்கை வாங்கிக் கொடுத்தாள். தண்டல், வலன்ரைன், பக்கீர், பஹ்ரைன்காரர் நாலு பேரும் ஆளுக்கொன்று தூக்கிப் பிடித்தார்கள். தண்டல் கட்டை ஆள். அந்த மூலையில் துணி சரிந்து மாப்பிள்ளையின் தொப்பியில் முட்டியது. ஹஸ்கேல் கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றியபோது பக்கீர் உலக்கையோடு இரண்டடி பின்னால் போனார்.

"இது என்ன, சாராயமா?"

"இல்லை, பக்கீர் காக்கா. முந்திரிகை வத்தல் ஊறின தண்ணி" என்றா சாறா அக்கா. பக்கீர் முன்னால் வந்தார்.

மோதிரம் போட்டாயிற்று. இனி ஏழு ஆசீர்வாதம். இவற்றுக்குத்தான் பத்துப் பேர் கட்டாயம். முதலாவது முடிந்தது. இரண்டாவதின் நடுவில் உள்ளே சளி கரகரக்கும் சத்தம். டொக்டரின் முகம் மறைந்தது. ஹஸ்கேல் வாயைத் திறந்தபடி நிறுத்தினார். முகம் வந்தது. தொடர்ந்தார். மூன்றாவதில் திரும்பவும் போனது. "முகம்! முகம்!" என்று தண்டல் யன்னலைப் பார்த்துக் கத்தினார். "சத்தம் போடாதையும், பிள்ளை திடுக்கிடும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நாலு முடிந்தது. ஐந்தும் முடிந்தது.

ஆறாவதில் முகம் போனது, வரவில்லை.

உள்ளே இறகுக் கிண்ணம் விழுந்து உடைந்தது. பக்கீரின் மனைவி வாசலில் நின்று "யா அல்லா, யா அல்லா" என்றாள். பக்கீர் உலக்கையோடு வாசல் பக்கம் ஓரடி வைத்தார். துணி அந்தப் பக்கம் இழுபட்டது. வெயில் பனைத் தலைகளுக்கு ஏறிவிட்டது. இனி ஒரு மணித்தியாலம் வண்டிப் பாதை, அதற்குப் பிறகு தோணி. வியாபாரி ஒருவர் சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். ஹஸ்கேல் சாறா அக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கணவரை ஒரு நிமிஷம் கூப்பிடச் சொல்கிறார் என்று கைச்சாடையிலேயே விளங்கியது. ஒரு ஆசீர்வாதமும் பாதியும்தான் மிச்சம்.

சாறா அக்கா யன்னலைப் பார்த்தா. காலையில் எங்கள் வேலியை ஆட்டிய அதே மனுசி.

"வேண்டாம். கூப்பிடாதேங்கோ" என்றா.

"தோணி போயிடும், அம்மா" என்றான் வலன்ரைன்.

"போகட்டும்."

எஸ்தர் துணிக்குக் கீழேயே நின்றாள். மாப்பிள்ளையும் நின்றான், அன்றைக்குத்தான் அவன் மீது எங்களுக்கு மதிப்பு வந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. உள்ளே ஒரு சீறல் கேட்டது. பிறகு சின்னதாக, ஒழுங்காக, மூச்சு. டொக்டர் யன்னலுக்கு வந்தார். கலியாணச் சட்டையில் இரத்தமும் சளியும். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "எங்கை விட்டனாங்கள்?" என்றார்.

ஹஸ்கேல் ஆறாவதை முதலிலிருந்து சொன்னார். ஏழாவதைச் சொல்லி முடிக்கும்வரை அந்த முகம் அசையவில்லை.

விடைபெற நேரம் இல்லை. எஸ்தர் முற்றத்தில் ஐந்தடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் அவர் வர விடவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை, தலையில் கை வைக்கவும் இல்லை. யன்னலுக்குள் நின்று ஆசீர்வாதத்தைச் சொன்னார். பிறகு,

"பம்பாயில குழாய்த் தண்ணியாம். எண்டாலும் கொதிக்க வைச்சுக் குடி" என்றார்.

"ஓம் அப்பா."

"பிள்ளை பிறந்தா மூக்கில எண்ணெய் விட்டு அமத்த ஒருத்தரையும் விடாதை."

"அப்பா!" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், உள்ளே சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார். வண்டி புறப்பட்டபோது யன்னலில் யாரும் இல்லை.

தோணி காத்து நின்றது. ஏற வேண்டிய வியாபாரிகள் அத்தனை பேரும் கலியாண வீட்டில் இருந்தால் யாரை ஏற்றிக்கொண்டு போவது?

றம்லாவின் குழாயை ஆறாம் நாள் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் டொக்டர் வீட்டுக்கு வந்தார். புதுச் சப்பாத்து முசலியிலேயே தொலைந்துபோயிருந்தது. சாறா அக்கா என்ன சொல்லுவா என்று நாங்கள் வேலியோடு காதை வைத்திருந்தோம். சாப்பிட்டீங்களா என்று கேட்டா. அவ்வளவுதான். எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

எஸ்தருக்குப் பம்பாயில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள். முதற்பேறு பார்க்கப் போன சாறா அக்கா திரும்பி வரமாட்டா என்று உம்மு குல்சூம் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நாலு மாதத்தில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினா. சலாபம் மட்டும் திரும்ப வரவில்லை. முப்பத்தோராம் ஆண்டு டொக்டருக்குக் கண் மங்கத் தொடங்கியது. குழாய் வைக்க இனிக் கை நம்பாது என்று அவரே சொல்லிவிட்டு, இருவரும் கொச்சிக்குப் போனார்கள். அங்கே தங்கள் தொழுகை வீட்டுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு மருந்தும் எழுதிக் கொடுக்கிறாராம். றம்லாவை எங்கள் ஊர் ஜவாஹிர் கட்டி, சிலாவத்துறையில் துணிக்கடை போட்டிருக்கிறான். வலன்ரைன் அரிப்பு ஊர்ச் செலீனாவைக் கட்டி வங்காலைக்குப் போய்விட்டான்.